நெல்லைச் சீமையில் நில அதிர்வுத் தரவை அலசுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

2019-ல் தென் கலிஃபோர்னியாவுக்கு ஒரு புதிய நில அதிர்வுப் பட்டியல் வெளியானது. 2008 முதல் 2017 வரையிலான தொடர் பதிவைக் கணினியில் மறுபடி அலசி, 18 லட்சத்துக்கும் மேற்பட்ட அதிர்வுகளை எடுத்திருந்தார்கள். அதே காலத்துக்கு ஏற்கெனவே இருந்த பட்டியலைவிடப் பத்து மடங்கு; சராசரியாக 174 நொடிக்கு ஓர் அதிர்வு. அதற்காகப் புதுக் கருவி எதையும் புதைக்கவில்லை. பழைய பதிவுக்குள் கிடந்ததைத் தோண்டி எடுத்தார்கள், அவ்வளவுதான்.

அந்த முறைகளும் அவற்றின் பின்வந்த இயந்திரக் கற்றல் முறைகளும் இன்று இலவச மென்பொருளாகக் கிடைக்கின்றன. 16 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி, பைத்தான், கொஞ்சம் பொறுமை இருந்தால் அம்பாசமுத்திரத்தில் உட்கார்ந்தே ஓட்டலாம். ஆனால் கலிஃபோர்னியாவில் அதிர்வும் அதிகம், நிலையங்களும் அதிகம். இங்கே இரண்டும் குறைவு. காற்றாலை, கல்குவாரி, பம்புசெட் மூன்றும் அதிகம். அங்கே எழுதிய நிரலை அப்படியே எடுத்து இங்கே ஓட்டினால் ஆயிரக்கணக்கில் “நில அதிர்வு” கொட்டும், பெரும்பாலும் பொய். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி கண்டுபிடிப்பதைப் பற்றியது, மீதிப் பாதி தள்ளுவதைப் பற்றியது. முதுகலைப் புவியியற்பியல் மாணவருக்கும், நிரல் எழுதத் தெரிந்த ஆர்வலருக்கும் இது பொருந்தும்.

1. முதலில் கேள்வி

“நம்ம ஊர் நில அதிர்வை ஆராய வேண்டும்” என்பது கேள்வியே இல்லை. “பாபநாசம், மணிமுத்தாறு அணைகள் நிரம்பும் ஐப்பசி, கார்த்திகையில் 25 கி.மீ. சுற்றளவில் சிறு அதிர்வுகள் கூடுகின்றனவா?” என்பது கேள்வி. மகாராஷ்டிரத்தின் கொய்னா நீர்த்தேக்கம் 1962-ல் நிரம்பத் தொடங்கி, 1967 டிசம்பரில் அங்கே 6.3 அளவில் அதிர்வு வந்ததிலிருந்து, அணை நீருக்கும் நில அதிர்வுக்கும் உள்ள தொடர்பை உலகமே கவனிக்கிறது. நம் அணைகள் கொய்னா அல்ல. ஆனாலும் நாள்தோறும் நீர்மட்டம் வெளியாகும் அணைகள் கையெட்டும் தூரத்தில் இருப்பதால், சோதித்துப் பார்க்கத் தோதான கேள்வி இது. கீழே முழுக்க இதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

இந்தப் பகுதி அதிர்வே அறியாத நிலம் என்றும் நினைக்க வேண்டாம். 1900 பிப்ரவரி 8-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் ஏறக்குறைய 6 அளவில் ஓர் அதிர்வு வந்தது. 2000 டிசம்பர் 12-ல் மலைக்கு அந்தப்புறம் ஈராற்றுப்பேட்டையில் 5 அளவில் வந்தது. செங்கோட்டை வழியாக வடமேற்கு-தென்கிழக்காகப் போகும் அச்சன்கோவில் பிளவு மண்டலம் நம் வாசலிலேயே இருக்கிறது.

கேள்வி முடிவானால் பாதி அளவுருக்கள் தாமாக முடிவாகிவிடும். முதலில் வந்து சேரும் பி அலைக்கும் அதன் பின்னால் வரும் எஸ் அலைக்கும் நடுவே உள்ள நொடிகளை 8.5-ஆல் பெருக்கினால் தோராயத் தூரம் கி.மீ.-இல் கிடைக்கும். 25 கி.மீ. என்றால் இடைவெளி 3 நொடிதான். இவ்வளவு நெருங்கிய சிறு அதிர்வின் சக்தி பெரும்பாலும் 2 முதல் 20 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். அப்படியானால் நொடிக்கு 100 சாம்பிள் பதிவு வேண்டும். 20 சாம்பிள் பதிவு உதவாது.

2. தரவு எங்கே, எவ்வளவு

திறந்த தரவாக எளிதில் இறங்குவது இலங்கையின் பல்லேகெலே நிலையமும் ஹைதராபாத் நிலையமும். நில அதிர்வுத் தரவுக்கான ஒப்ஸ்பை என்ற பைத்தான் நூலகத்தில், தரவு மையங்களிலிருந்து பதிவை இறக்கும் எஃப்டிஎஸ்என் வாடிக்கையாளர் கட்டளையால் மினிசீட் (அலைவடிவத்தைச் சுருக்கிச் சேமிக்கும் வடிவம்) கோப்பாக எடுக்கலாம். ஆனால் பல்லேகெலே திருநெல்வேலியிலிருந்து சுமார் 365 கி.மீ.; பாபநாசத்தில் 1.5 அளவில் நடந்தது அங்கே தெரியாது. பெரிய அதிர்வுகளுக்கும், உங்கள் நிலையக் கடிகாரத்தைச் சரிபார்க்கவுமே அது பயன்படும். தேசிய நில அதிர்வு மையத்தின் நிகழ்வுப் பட்டியலை இணையத்தில் பார்க்கலாம். அலைவடிவம் வேண்டுமானால் விண்ணப்பித்துப் பெற வேண்டும்.

ஆகவே சொந்த நிலையங்கள் தேவை. குறைந்தது 4, உருப்படியாக 6 முதல் 8. ராஸ்பெரி ஷேக் போன்ற மலிவுக் கருவியில் 4.5 ஹெர்ட்ஸ் ஜியோஃபோன், அதாவது நில அசைவை உணரும் உறுப்பு இருக்கும். மேற்படிக் கேள்விக்கு அது போதும். செங்குத்து ஒன்று மட்டும் உள்ள வகையை வாங்காமல் மூன்று திசை வகையை வாங்குங்கள். எஸ் அலை கிடைமட்டப் பதிவில்தான் தெளிவாக விழும். எஸ் இல்லாமல் ஆழம் சரியாகக் கிடைக்காது.

இடத் தேர்வில் சமரசம் வேண்டாம். அம்பாசமுத்திரம், களக்காடு பக்கம் வெளியே தெரியும் சார்னகைட் பாறைமேல் வைத்தது நன்றாகப் பேசும். கயத்தாறு, கோவில்பட்டிக் கரிசல் மழையில் உப்பிக் கோடையில் வெடித்துக் கருவியைச் சாய்த்துவிடும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலும் தாமிரபரணி வண்டலும் அலையைப் பெருக்கிக் குழப்பும். தென்னந்தோப்புக்குள் வைத்தால் காற்றில் மரம் ஆடுவது வேர்வழியாக வந்து சேரும். நிலையங்களில் ஒன்றாவது அணையிலிருந்து 10 கி.மீ.-க்குள் இருக்க வேண்டும். காரணம் ஆறாம் படியில் வரும்.

கொள்ளளவுக் கணக்கு: 3 திசை × நொடிக்கு 100 சாம்பிள் × 86,400 நொடி = நாளுக்கு 2.6 கோடி எண்கள். அப்படியே வைத்தால் 104 எம்பி. மினிசீட் சுருக்கத்தில் 30 எம்பி அளவு. 8 நிலையம் ஓராண்டுக்கு ஏறத்தாழ 90 ஜிபி. வட்டில் இது பெரிய சுமை இல்லை. சுமை நினைவகத்தில்தான்: ஒப்ஸ்பையில் வடிகட்டியதும் ஒவ்வோர் எண்ணும் 8 பைட் ஆகி, ஒரு நிலையத்தின் ஒரு நாள் 207 எம்பி பிடிக்கும். எட்டு நிலையத்தையும் ஒரே நேரத்தில் திறக்காமல், நாள்வாரி, நிலையவாரி ஓட்டுங்கள். கோப்புகளைச் சீஸ்காம்ப் அமைப்பில், அதாவது ஆண்டு, வலையம், நிலையம், சேனல் என்ற அடுக்கில் வையுங்கள். ஒப்ஸ்பை அதை அப்படியே படிக்கும். நிலைய விவரக் கோப்பை முதல் நாளே எழுதிவிடுங்கள். கருவி வடக்கு நோக்கி இருக்கிறதா, எத்தனை டிகிரி விலகல், எந்த நாளில் மாற்றினோம் என்பதை ஆறு மாதம் கழித்து யாராலும் நினைவிலிருந்து எழுத முடியாது.

3. இரைச்சலைப் படித்தல்

இந்தப் படியைத் தாவிக் குதிப்பவர்கள்தான் அதிகம். பிறகு அவர்கள் பட்டியலை யாரும் நம்புவதில்லை.

ஒவ்வொரு நிலையத்துக்கும் மாதவாரியாக அதிர்வெண்-சக்திப் படம் போடுங்கள். ஒப்ஸ்பையில் இதற்குத் தனி வகுப்பே உண்டு. உலக நிலையங்களின் இரைச்சலுக்கு 1993-ல் பீட்டர்சன் தந்த மேல்வரம்பு, கீழ்வரம்புக் கோடுகளை அதன்மேல் இட்டுப் பாருங்கள். நம் பகுதியில் கண்ணில் படுபவை இவை:

0.1 முதல் 0.3 ஹெர்ட்ஸ் வரை ஒரு மேடு. அது கடல் அலை. மன்னார் வளைகுடாவும் இந்தியப் பெருங்கடலும் சேர்ந்து தரும் நிரந்தர இரைச்சல். 1 ஹெர்ட்ஸுக்கு மேல் வடிகட்டினால் போய்விடும்.

ஆனி, ஆடி, ஆவணியில் மட்டும் 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே தொடங்கிச் சில ஹெர்ட்ஸ் வரை ஊசி ஊசியாக நிற்பது காற்றாலை. முப்பந்தல், பணகுடி, வள்ளியூர், ராதாபுரம், கயத்தாறு எல்லாம் இதில் சேர்த்தி. நிமிடத்துக்கு 15 சுற்று சுற்றும் மூவிதழ் காற்றாடி கோபுரத்தை 0.75 ஹெர்ட்ஸில் தட்டும். அதன் மடங்குகள் 1.5, 2.25, 3 என மேலே ஏறும். இது சின்ன விஷயமில்லை. ஸ்காட்லாந்தின் எஸ்க்டேல்மியூர் நிலையத்துக்காக 50 கி.மீ. சுற்றளவில் காற்றாலைகளுக்குக் கட்டுப்பாடே போட்டார்கள்.

24 ஹெர்ட்ஸில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தால் அது பம்புசெட். நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று சுற்றும். அதை 60-ஆல் வகுத்தால் 24. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் கோடு தொடங்கி, நிற்கும் நேரத்தில் மறையும். தொடங்கும் அந்த நொடி பி அலையின் வரவைப்போலவே கூர்மையாக இருக்கும் என்பதுதான் வம்பு.

அடுத்து இடைவெளிகள். மின்வெட்டில் பதிவு அறுந்த இடத்தைச் சுழியால் நிரப்பிவிட்டு வடிகட்டினால், அறுந்த விளிம்பு ஒரு படிக்கட்டாகி அதிர்வுபோல் துள்ளும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சரிவு நீக்கி, முனைகளைத் தேய்த்து, பிறகு வடிகட்டுங்கள். 40 நொடிக்குக் குறைவான துண்டுகளைத் தூக்கிப் போடுங்கள்.

கடிகாரம்: 1 நொடி பிழை என்றால் 6 கி.மீ. பிழை. இணைய நேரத்தை நம்பும் கருவி, இணைப்பு அறுந்தால் மெல்ல நழுவும். சுமத்ராப் பக்கம் நடக்கும் பெரிய அதிர்வின் பி அலை உங்கள் எல்லா நிலையங்களுக்கும் கணித்த நேரத்தில் வருகிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் அரை நொடி தள்ளி நின்றால், அந்த வாரத்துப் பதிவை ஒதுக்குங்கள்.

4. அலைவரவைக் குறித்தல்

இன்றைய முறைகளின் இதயம் இதுதான். முன்பெல்லாம் குறுகிய காலச் சராசரியை நீண்ட காலச் சராசரியால் வகுத்து, விகிதம் ஏறினால் அதிர்வு என்பார்கள். இன்று பயிற்றுவித்த நரம்பியல் வலை அந்த வேலையைச் செய்கிறது. ஃபேஸ்நெட் மாடல், வட கலிஃபோர்னியாவின் முப்பதாண்டுக்கு மேலான பதிவில் ஆய்வாளர்கள் கையால் குறித்த 7 லட்சத்துக்கும் மேற்பட்ட அலைவடிவங்களில் பயின்றது. ஒவ்வொரு சாம்பிளுக்கும் பி, எஸ், இரைச்சல் என்ற மூன்று நிகழ்தகவுகளைத் தரும். ஈக்யூடிரான்ஸ்ஃபார்மர் 2020-ல் வந்தது. உலகெங்கும் திரட்டிய ஸ்டெட் தொகுப்பில் பயின்றது. இரண்டையும் சீஸ்பெஞ்ச் என்ற ஒரே நூலகத்தில் ஓட்டலாம். கிராஃபிக்ஸ் அட்டை இல்லாமலும் ஓடும், கொஞ்சம் மெதுவாக.

ஃபேஸ்நெட் ஒரு நேரத்தில் 30 நொடிப் பதிவைப் பார்க்கிறது. ஈக்யூடிரான்ஸ்ஃபார்மர் 60 நொடி. 25 கி.மீ.-க்குள் நடப்பதற்கு 30 நொடி தாராளம். பல்லேகெலேப் பதிவிலோ நம் பகுதி அதிர்வின் பி-எஸ் இடைவெளி 40 நொடி அளவு; 30 நொடிச் சாளரத்துக்குள் இரண்டும் சேர்ந்து விழாது, மாடல் தடுமாறும். தொலை நிலையத்துக்கு ஈக்யூடிரான்ஸ்ஃபார்மர், அருகு நிலையத்துக்கு ஃபேஸ்நெட் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இன்னும் முக்கியம். மாடலுக்குள் போகுமுன் ஒவ்வொரு சாளரமும் அதன் சொந்த வீச்சால் வகுக்கப்படுகிறது. பெரியது சிறியது என்ற வேறுபாடு அங்கேயே போய்விடும். நள்ளிரவு அமைதியில் பக்கத்துத் தோட்டத்துப் பம்பு தொடங்கினால், மாடல் கண்ணுக்கு அது முழு உயர அலை. அதனால்தான் குறிகள் இவ்வளவு கொட்டுகின்றன. மருந்து இது: மாடல் குறி தந்ததும், மூல அலைவடிவத்துக்குத் திரும்பிப் போய், குறிக்கு முன் 2 நொடி, பின் 2 நொடி வீச்சை அளந்து இரைச்சல் விகிதம் எடுங்கள். 2 முதல் 15 ஹெர்ட்ஸுக்குள் 3 மடங்குகூட இல்லாத குறியைத் தள்ளுங்கள். 24 ஹெர்ட்ஸ் இந்த வரம்புக்கு வெளியே இருப்பதால் பம்பு பெரும்பாலும் தானாகவே கழன்றுவிடும்.

மாடலின் குறியை ஏற்கும் நிகழ்தகவு வரம்பை 0.3-இல் தொடங்குங்கள். அது சரியா என்பதைச் சொந்தப் பதிவில் சோதிக்காமல் நம்ப வேண்டாம். தை மாதத்து அமைதி நாள் ஒன்று, ஆடிக் காற்று நாள் ஒன்று, கார்த்திகை மழை நாள் ஒன்று, தீபாவளி ஒன்று என நான்கு நாளை எடுங்கள். இருவர் ஒருவரையொருவர் பார்க்காமல் கையால் குறியுங்கள். மாடலின் பி குறி 0.2 நொடிக்குள்ளும், எஸ் குறி 0.4 நொடிக்குள்ளும் ஒத்தால் சரி என வையுங்கள். தவறவிட்டவை எத்தனை, பொய்யாய்க் குறித்தவை எத்தனை என்று நாள்வாரி அட்டவணை போடுங்கள். தை நாளில் நன்றாக நடந்துகொள்ளும் வரம்பு ஆடி நாளில் நாறும். அதைப் பார்க்கத்தான் இந்தச் சோதனை.

சேனல் வரிசை இன்னொரு குழி. சில எடைக்கோப்புகள் (மாடல் பயின்றதைச் சேமித்த கோப்புகள்) செங்குத்து முதலில் என்றும், சில கிழக்கு முதலில் என்றும் பயின்றவை. சீஸ்பெஞ்ச் அதைத் தானே ஒழுங்கு செய்துகொள்ளும். நீங்களே எண் அணியைத் தவறான வரிசையில் கட்டி அனுப்பினால் பிழைச் செய்தி எதுவும் வராது. எஸ் குறிகள் மட்டும் சத்தமில்லாமல் குறைந்துவிடும்.

உள்ளூர்ப் பதிவில் மறுபயிற்சி தரலாமா? தரலாம். இங்கே உண்மை அதிர்வுகள் குறைவு, ஆனால் இரைச்சல் மாதிரிக்குப் பஞ்சமே இல்லை. வெளியூர் அதிர்வுகளோடு நம் காற்றாலை, பம்பு, ரயில், லாரி இரைச்சலைக் கலந்து பயிற்றுவித்தாலே பொய்க் குறி கணிசமாகக் குறையும்.

5. குறிகளை ஒன்று சேர்த்தல்

ஒரு நிலையத்தின் குறி சாட்சி ஆகாது. பல நிலையக் குறிகள் ஒரே இடத்தையும் நேரத்தையும் காட்ட வேண்டும். காமா, பைஆக்டோ, ரியல் ஆகிய மூன்று மென்பொருளும் இதைச் செய்பவை. சிறு வலையத்துக்குப் பைஆக்டோ வேகமானது. காமா அலைவீச்சையும் கணக்கில் சேர்க்கவல்லது.

தற்செயல் எவ்வளவு ஏமாற்றும் என்று பாருங்கள். 8 நிலையம், ஒவ்வொன்றிலும் நாளுக்கு 500 பொய்க் குறி. ஒரு 30 நொடிச் சாளரத்தில் ஒரு நிலையத்தில் ஒரு குறியாவது விழ வாய்ப்பு 16 விழுக்காடு. எட்டில் நான்கு நிலையமாவது ஒரே சாளரத்தில் குறி காட்டுவது, நாளின் 2,880 சாளரத்தில் சுமார் 75 முறை வெறும் தற்செயலாகவே நடக்கும். பொய்க் குறியை நிலையத்துக்கு 100 ஆகக் குறைத்தால் அது நான்கு நாளுக்கு ஒன்று என ஆகிவிடும். ஐந்தில் ஒன்றாகக் குறைத்ததற்கு முந்நூறில் ஒன்றாகப் பலன். நான்காம் படியில் செலவிட்ட நேரம் இங்கே வட்டியோடு திரும்பி வருகிறது.

நிபந்தனைகள்: குறைந்தது 4 நிலையம், மொத்தம் 6 குறி, குறைந்தது 2 நிலையத்தில் பி-யும் எஸ்-உம் சேர்ந்து. காமாவில் நேரக் கொத்து அளவுருவை, உங்கள் அடுத்தடுத்த நிலையங்களுக்கு நடுவே உள்ள பெருந்தூரத்தைப் பி வேகமான 6.2-ஆல் வகுத்து எடுங்கள். சிறிதாகப் போட்டால் ஓர் அதிர்வு இரண்டாக உடையும். பெரிதாகப் போட்டால் இரண்டு ஒன்றாக ஒட்டும்.

இடியும் வேட்டும் இந்த இடத்தில் பிடிபடும். நிலத்தில் பி அலை 10 கி.மீ.-ஐ 1.6 நொடியில் கடக்கும். ஒலி காற்றில் அதே தூரத்தைக் கடக்க 29 நொடி ஆகும். நிலையத்துக்கு நிலையம் குறி நொடிக்கு 340 மீட்டர் வேகத்தில் நகர்ந்தால், அது வானத்தில் நடந்த சங்கதி. “டமார்னு சத்தம், சன்னல் ஆடிச்சு” என்று ஊரே பேசும் நாளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

6. இடமும் ஆழமும்

இடம் கணிக்க நான்லின்லாக் மென்பொருளைப் பயன்படுத்துங்கள், ஒரே புள்ளியைத் தராமல் நிகழ்தகவு மேகத்தைத் தரும். வேக மாடலுக்கு மேலோட்டில் பி 6.0 முதல் 6.5 கி.மீ./நொடி, பி-எஸ் வேக விகிதம் 1.73, ஓட்டின் கனம் 35 முதல் 45 கி.மீ. என்ற வரம்புக்குள் சில மாடல்களை ஓட்டி, இடம் எவ்வளவு அசைகிறது என்று பாருங்கள். 3 கி.மீ. அசைந்தால் பிழையும் 3 கி.மீ.தான், மென்பொருள் அச்சிடும் 0.4-ஐ நம்பாதீர்கள்.

ஆழத்துக்கு எளிய விதி: மிக அருகிலுள்ள நிலையத்தின் தூரம், ஆழத்தைப்போல ஒன்றரை மடங்குக்குள் இருக்க வேண்டும். 8 கி.மீ. ஆழத்தைச் சொல்ல 12 கி.மீ.-க்குள் நிலையம் வேண்டும். இல்லாவிட்டால் ஆழத்தைக் கணிக்க முடியாமல் 10 கி.மீ. என்று கட்டிப்போடுவது பல அமைப்புகளின் வழக்கம், செய்திகளில் “10 கி.மீ. ஆழத்தில்” என்று அடிக்கடி வருவதன் பின்னணி பல நேரம் அதுதான். நிலையங்கள் எல்லாம் ஒரே பக்கம் இருந்து, மறுபக்கம் 180 டிகிரிக்கு மேல் வெற்றிடமாக இருந்தால் அந்த அதிர்வைத் தரம் குறைந்தது எனக் குறியுங்கள். நமக்கு மேற்கே மலை. கேரளப் பக்கம் ஒரு நிலையமாவது இல்லாமல் இந்தக் குறை தீராது.

அதிர்வுகள் ஒன்றுக்கொன்று சில கி.மீ.-க்குள் கொத்தாக இருந்தால், 2000-இல் வந்த ஹைப்போடிடி முறையால் அவற்றின் ஒப்பு இடத்தை இன்னும் கூர்மையாக்கலாம். பிளவின் கோடு கண்ணுக்குத் தெரியும். நூறு கி.மீ.-க்குச் சிதறிய ஏழெட்டு அதிர்வுக்கு அதை ஓட்டிப் படம் போடுவது வெறும் அலங்காரம்.

7. குவாரி வெடியைப் பிரித்தல்

இது வரைக்கும் வடிகட்டி வந்தவற்றிலும் பெரும்பங்கு கல்குவாரியும் தாழையூத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் போன்றவையும்தான் என்று எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். வெடி என்பது நிலத்தை நிஜமாகவே அதிரவைப்பது. மாடல் அதைப் பிடிப்பது தவறே இல்லை. பிரிப்பது உங்கள் பொறுப்பு.

முதலில் மணிக்கணக்குப் படம். நேரத்தை உலக நேரத்திலிருந்து 5.30 மணி கூட்டி இந்திய நேரமாக்குங்கள். இதை மறந்தால் மதிய வெடி காலை ஏழு மணிக்கு முன்னால் விழுந்து எல்லாம் குழம்பும். இயற்கை அதிர்வுக்குப் பகலிரவு கிடையாது. சொல்லப்போனால் இரவில் இரைச்சல் குறைவதால் சின்ன அதிர்வுகள் இரவில்தான் அதிகம் பிடிபட வேண்டும். உங்கள் பட்டியலில் பகல் கூடுதலாக இருந்தாலே சந்தேகப்படுங்கள். ஒரு சதுர கட்டத்தில் 90 விழுக்காடு பகலிலும், ஞாயிறு வெறுமையாகவும் இருந்தால் செயற்கைக்கோள் படத்தில் அந்த இடத்தைப் பாருங்கள். 2, 3 கி.மீ.-க்குள் குழி தெரியும்.

ஆனால் பகலில் நடந்தது எல்லாம் வெடி என்று தள்ளிவிடக் கூடாது. தனித்தனி நிகழ்வுக்கு அலைவடிவச் சான்று வேண்டும். வெடி எல்லாப் பக்கமும் வெளியே தள்ளுவதால் முதல் அசைவு எல்லா நிலையத்திலும் மேல்நோக்கியே இருக்கும். பிளவு அதிர்வில் சிலவற்றில் மேல், சிலவற்றில் கீழ். வெடியில் எஸ் அலை மெலிந்திருக்கும். மேற்பரப்பிலேயே நடப்பதால் 0.5 முதல் 2 ஹெர்ட்ஸில் மெதுவான, நீண்ட மேற்பரப்பலை வால்போல் பின்தொடரும். குவாரியில் குழிகளை ஒரே நேரத்தில் வெடிக்காமல் 17, 25, 42 மில்லிநொடி இடைவெளியில் அடுத்தடுத்து வெடிப்பார்கள். 42 மில்லிநொடி என்றால் அதிர்வெண் படத்தில் 24 ஹெர்ட்ஸில் பட்டை தெரியும். பம்புசெட்டும் அங்கேதான் நிற்கிறது என்பது நம் தலையெழுத்து! வேறுபாடு எளிது: பம்பு மணிக்கணக்கில் நீளும், வெடிப் பட்டை சில நொடியில் ஓயும்.

முடிவில் மூன்று பெட்டி வையுங்கள்: அதிர்வு, வெடி, தெரியவில்லை. மூன்றாவது பெட்டி காலியாக இருந்தால் எங்கோ ஏமாற்றியிருக்கிறீர்கள்.

8. மாதிரிப் பொருத்தம்

உறுதியான அதிர்வு ஒன்றின் அலைவடிவத்தை மாதிரியாக வெட்டி எடுத்து, ஆண்டு முழுதும் நகர்த்தி நகர்த்திக் கோரிலேஷன், அதாவது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்ப்பது. கண்ணுக்குத் தெரியாத, இரைச்சலுக்குள் புதைந்த அதிர்வையும் இது எழுப்பும். தென் கலிஃபோர்னியாவின் 18 லட்சம் இப்படிக் கிடைத்ததுதான். ஈக்யூகார்ஸ்கேன் நல்ல கருவி. 1 முதல் 8 ஹெர்ட்ஸ் வடிகட்டி, 20 சாம்பிளாகக் குறைத்து, எஸ் அலையைச் சுற்றி 4 நொடி, பி அலையைச் சுற்றி 2 நொடி வெட்டுங்கள். காற்றுக் காலத்துக்கு 3 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்குங்கள்.

வரம்பை, கோரிலேஷன் மதிப்புகளின் தனி விலக்கங்களுடைய நடுமதிப்பைப்போல 8 மடங்கு என வைப்பது வழக்கம். கணக்குப் போடுங்கள்: இரைச்சல் ஒழுங்காக மணிவளைவில் இருந்தாலும், நாளுக்கு 17 லட்சம் சாம்பிளில் 8 மடங்கைத் தற்செயலாகத் தாண்டுவது மாதிரிக்கு 0.06 முறை. ஆயிரம் மாதிரி ஓட்டினால் நாளுக்கு 60 பொய் அதிர்வு. 9 மடங்கு ஆக்கினால் ஒன்று அளவுக்கு இறங்கும். நம் இரைச்சல் மணிவளைவில் இல்லை. ஆகவே 9-க்குக் கீழே போகாதீர்கள். இன்னொரு சோதனை: மாதிரியை நேரத்தில் திருப்பிப் போட்டு, அதாவது வால் முன்னால் வரும்படி ஓட்டுங்கள். அதில் கிடைப்பது எல்லாம் பொய்தான். உங்கள் பொய் விகிதம் கையில் கிடைத்துவிடும்.

வெடி ஒன்று தப்பித்து மாதிரியாக நுழைந்துவிட்டால், அதே குவாரியின் எல்லா வெடியையும் அது கூட்டிக்கொண்டு வரும். ஏழாம் படி இதற்கு முன்னால் இருப்பது அதனால்தான். மாதிரியே இல்லாமல் தரவைத் தரவோடேயே ஒப்பிடும் ஃபாஸ்ட் முறை 2015-இல் வந்தது. ஒப்புமையான கைரேகைகளை ஒரே கூடையில் போட்டுத் தேடும். கருத்து அழகானது, ஆனால் காற்றாலை போன்ற திரும்பத் திரும்ப வரும் இரைச்சலை அள்ளிக்கொண்டு வரும் என்பதால் இங்கே பரிந்துரைக்கத் தயக்கம்.

9. அளவு, முழுமை, பருவம்

அளவெண்ணைக் கணித்ததும், எந்த அளவுக்கு மேல் பட்டியல் முழுமை என்பதை எடுங்கள். அளவுவாரி எண்ணிக்கைப் படத்தில் உச்சி எங்கே விழுகிறதோ அதோடு 0.2 கூட்டினால் தொடக்கத்துக்குப் போதும். அதற்கு மேலுள்ளவற்றின் சராசரி 1.6, முழுமை வரம்பு 1.2, அளவுப் படி 0.1 என்றால், பி மதிப்பு (பெரிய அதிர்வுக்குச் சின்னது எத்தனை என்ற விகிதத்தைக் காட்டுவது; பி அலையோடு தொடர்பில்லை), 0.4343-ஐ 1.6-லிருந்து 1.15 (வரம்பில் அரைப் படி குறைத்தது) போன மீதியால் வகுத்தால் வருவது: 0.97. இதன் பிழை, மதிப்பை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தது. 100 அதிர்வுக்கு 0.1, 30 அதிர்வுக்கு 0.18. முப்பதை வைத்துக்கொண்டு “பி மதிப்பு 0.97-லிருந்து 0.85 ஆனது” என்று எழுதினால் அதில் பொருளே இல்லை.

இனி அணைக் கேள்விக்கு வருவோம். ஆனி முதல் ஆவணி வரை காற்று. சின்ன அதிர்வுகள் மறையும். புரட்டாசியில் காற்று ஓய, ஐப்பசியில் அணை ஏறுகிறது. பட்டியலில் எண்ணிக்கையும் ஏறும். நீர்மட்டத்தோடு அழகாகப் பொருந்தும் வரைபடம் வரும். அது அணையால் வந்ததா, காற்று நின்றதால் வந்ததா? எண்ணிக்கையை மட்டும் பார்த்து இதைச் சொல்லவே முடியாது.

வழி, விதைத்துப் பார்ப்பது. ஸ்டெட் தொகுப்பிலிருந்து 10 முதல் 30 கி.மீ. தூரத்துச் சிறு அதிர்வுகளை எடுங்கள். அளவு ஒன்று குறைய வீச்சு பத்தில் ஒன்றாகும் என்ற விகிதத்தில் சுருக்கி, உங்கள் சொந்தப் பதிவில் மாதந்தோறும் பகலும் இரவும் கலந்து சில நூறு இடங்களில் கூட்டுங்கள். முழு ஓட்டத்தையும் மறுபடி ஓட்டுங்கள். 1.0 அளவில் விதைத்தது தையில் எத்தனை விழுக்காடு முளைத்தது, ஆடியில் எத்தனை என்று அட்டவணை கிடைக்கும். எல்லா மாதத்திலும் 90 விழுக்காடு முளைக்கும் அளவு எதுவோ, அதற்கு மேற்பட்டவற்றை மட்டும் வைத்துப் பாபநாசம் (முழு உயரம் 143 அடி), மணிமுத்தாறு (118 அடி) அணைகளின் நாள்வாரி நீர்மட்டத்தோடு ஒப்பிடுங்கள். பட்டியல் ஐந்தில் ஒன்றாகச் சுருங்கலாம். சுருங்கட்டும்.

10. கண்ணாடியிழைக் கேபிள்

தொலைத்தொடர்பு இழையில் லேசர் ஒளி அனுப்பி, கேபிள் முழுவதையுமே நிலையங்களாக்கும் முறை பரவிவருகிறது. 5,000 சேனல், நொடிக்கு 500 சாம்பிள், 4 பைட் என்றால் நாளுக்கு 864 ஜிபி. மடிக்கணினிக் கதை அங்கே முடிந்தது. தரவு இருக்கும் மேகக் கணினியிலேயே நிரலை ஓட்ட வேண்டும். சேனல்களைத் துண்டுகளாகச் சேமிக்கும் ஜார் வடிவம், வேலையைப் பங்கிடும் டாஸ்க் நூலகம் இரண்டையும் இப்போதே பழகி வைப்பது நல்லது.

பட்டியலை வெளியிடும்போது நேரம், இடம், ஆழம், அளவு மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு வரியிலும் மாடலின் பெயரும் எடைக்கோப்பின் பதிப்பும், பி, எஸ் குறி எண்ணிக்கை, அருகு நிலையத் தூரம், வெற்றிடக் கோணம், ஆழம் கட்டப்பட்டதா கணிக்கப்பட்டதா, எந்தப் பெட்டி என்பவை இருக்க வேண்டும். தள்ளிய நிகழ்வுகளையும் காரணத்தோடு தனிக்கோப்பாக வைத்து, மூல மினிசீட்டை அழிக்காமல் இரண்டு வட்டில் பிரதி எடுத்துவிடுங்கள். அடுத்த மாடல் வந்ததும் மூன்றாம் படியிலிருந்து மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும்.